எட்டாவது கோர்

சோதனைக்காக ஓட்டிய பதிவு முடிந்ததும் புது ரவுட்டருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் எட்டு கோர்களின் சுமையும் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஏழுதான் இறங்கின. எட்டாவது மட்டும் மூன்று விழுக்காட்டிலேயே நின்றது.

டாக்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். விசிறிச் சத்தத்தைக் கேட்டே ரவுட்டரின் நோயைச் சொல்லிவிடுவான் என்பதால் அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வைத்த பட்டப்பெயர் அது. மனைவி இறந்துபோன இந்த மூன்று மாதமாக எல்லாமே அவனுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஞாயிறு பகல் மூன்று மணிக்கு, ஜன்னலில்லாத அந்த அறையில், ஏசியின் ஈர வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலாளி கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"என்ன டாக்டர், நாளைக்குத் தொள்ளாயிரம் வீட்டைத் தாங்குவாரா நம்ம ஆளு?"

"ஒரு கோர் மட்டும் அடங்க மாட்டேங்குது."

"மூணு பர்சென்ட்டுக்கெல்லாம் ஐசியூ வேணாம். ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க, வீட்டுல பொண்ணு தனியா இருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சோதனைக்கென்றே தயாரித்த போலி டிராஃபிக்கை டாக்டர் நம்புவதில்லை. பழைய ரவுட்டரில் பதிவானவற்றில் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தை எடுத்து, வாடிக்கையாளர்கள் பேசியது பார்த்தது எல்லாவற்றையும் அப்படியே புதுப் பெட்டிக்குள் ஓட்டிவிடுவான். அளவைப் பார்ப்பானே தவிர தேதியைப் பார்ப்பதில்லை. ஒரு பேச்சு ஒரு கோரில் உட்கார்ந்தால் முடியும்வரை அங்கேயேதான் இருக்கும். இரண்டு கோர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளாது. அப்படியானால், யாரோ ஒருவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் தொடர்புகளின் பட்டியலைத் திறந்தான். ஒரே வரி. ஒரு போன் அழைப்பு. கிளம்பிய இடம், அவன் வீடு.

அதன்பிறகுதான் தேதியைப் பார்த்தான்.

மனைவி இறந்த நாள். அன்று அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள். கையில் போன். அவனைப் பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறாள். சோதனை ஓடும்போது போனை வெளியே மேஜையில் வைத்துவிட்டு வருவது அப்போது அவன் வழக்கம்.

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஊசி போட்டு மரத்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தத் தேதியை இன்னொரு முறை படித்தான். இப்போதெல்லாம் போன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன் என்று ஒன்பது வயது மகளிடம் சத்தியம் செய்திருக்கிறான். அவனுக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

அந்தப் பெட்டியில் இருந்தது ஒரே நெட்வொர்க் கேபிள். அதுவும் பக்கத்துக் கணினிக்குப் போவது, வெளித் தொடர்பே கிடையாது. பிடுங்கினான். கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. எட்டாவது கோர், மூன்று விழுக்காடு.

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, டேப்லெட்ல அம்மா கூப்பிட்டாங்க."

"யாரு?"

"அம்மாப்பா. நீங்க எடுக்கவே இல்லையாம். அதான் நான் எடுத்தேன்."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"கட் பண்ணிடு கண்ணு. பக்கத்து வீட்டு அத்தைகிட்டப் போய் நில்லு. உடனே போ."

"பாத்ரூம் கதவைத் திறக்க முடியலையாம்பா. பாவம். கையை உள்ள நீட்டுன்னு சொல்றாங்க."

"அங்க கதவே இல்லம்மா! போகாத!"

அன்றே உடைத்து எடுத்துவிட்ட கதவு. மூன்று மாதமாக அங்கே ஒரு திரைச்சீலைதான் தொங்குகிறது.

"இருக்குப்பா," என்றாள் மகள்.

போனில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டான். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும்.

திரையில் ஏதோ அசைந்தது.

ஏழாவது கோர். ஒன்று. இரண்டு. மூன்று விழுக்காடு.

பட்டியலில் இப்போது இரண்டு வரிகள். இரண்டும் அவன் வீட்டிலிருந்து.

கேபிள் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.