வழவழப்பான கழுந்துகள்

காலை ஒன்பதரை. நான் செய்த தொட்டில் எவ்வளவு உறுதி என்று காட்ட, என் முழு உடம்போடு அதில் ஏறி உட்கார்ந்தவன் நானேதான். ஒரு பக்கச் சட்டம் கழன்றது. பெயர் சூட்டு விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன் மல்லாந்து கிடந்தேன். நல்லவேளை, குழந்தை என் தங்கை அபிநயாவின் மடியில் இருந்தது.

"கடையில வாங்கிக்கலாம்னு அப்பவே சொன்னேன் மச்சான்," என்றார் அவள் கணவர் வளவன்.

எனக்குக் கொதித்தது. மெஷினால் இரண்டு சட்டத்திலும் துளை போட்டு, நடுவே கழுந்து என்னும் மரத்துண்டைச் செருகி இணைத்த தொட்டில் அது. வாசலில் நுழையாது என்பதால், இப்போது கழன்ற பக்கத்துக்கு மட்டும் பசை தடவாமல், அபிநயாவின் அறையில் நேற்று மாலை இறுக்கமாக அடித்து வைத்தேன். தானாகக் கழலாது.

"எவனோ கழுந்த மாத்தியிருக்கான்! புள்ள விழுந்திருந்தா?"

சிதறியவற்றைப் பொறுக்கினேன். நான் அடித்த கடைக் கழுந்தில் வரி வரியாக இருக்கும். இவை வழவழவென்று இருந்தன. துளை சரியா என்று பார்க்க நான் தேய்த்து மெலிதாக்கி, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த சோதனைக் கழுந்துகள். போன வாரம் இதைப் பற்றி வீட்டில் பிரசங்கமே செய்தேன். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அபிநயா மட்டும் கேட்டாள், "இது ஏண்ணா வழவழன்னு இருக்கு?"

விசாரணையைத் தொடங்கினேன்.

"மாப்ள, ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கீழ்பென்னாத்தூர்ல, எங்க வீட்ல. காலைல பௌர்ணமி கிரிவலக் கூட்டம்னு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். நடந்து வந்து இன்னும் தண்ணி கூட குடிக்கல."

மனைவி சினேகா பக்கம் திரும்பினேன்.

"என்னையா பாக்குறீங்க? சாம்பார்ல மரத்தூள் விழுந்தன்னிக்கே உங்க மெஷின கெணத்துல போட்டிருப்பேன். ஒளிஞ்சு செய்ற ஆளா நானு?"

உண்மை. அவள் சுத்தியைத் தொட்டிருந்தால் தெருவே எழுந்திருக்கும்.

அம்மாவைச் சந்தேகிக்க வழியில்லை. போன வருஷத்திலிருந்து வலது கையைத் தூக்க முடியாது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

என் மரச்சுத்தியை எடுத்துப் பார்த்தேன். முனையில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. மோந்தேன். வசம்பு வாசனை.

சுத்தியில் குழந்தைத் துணியைச் சுற்றி அடித்துச் சட்டத்தைக் கழற்றியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு யார் முழிக்கக் கூடாது? தொட்டில் இருந்த அறையில் தூங்கிய குழந்தை. அந்த அறையில் அதோடு படுத்தவள் ஒருத்திதான். எந்தக் கழுந்து மெலிது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளும் அவள்தான்.

"அபிநயா, நீதான்."

"புள்ளய போடறதுக்கு முன்னாடி நானே ஆட்டி, கழட்டிக் காட்டலாம்னு இருந்தேண்ணா. அதுக்குள்ள நீ யானை மாதிரி ஏறிட்ட."

"புடிச்சிருக்கான்னு தெனமும் கேட்டேனே! தெனமும் 'சூப்பர்ணா'ன்னியே! இப்பவாவது நேரா சொல்லுடி, ஏன்?"

குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"நீ செஞ்ச ஸ்டூல்ல ஏறிதான் அம்மா கை உடஞ்சுது. உன் தொட்டில்ல எம் புள்ளய நான் போட மாட்டேன்."