சின்ன அடுப்பில் கோழி இறக்கை

சோளக் கதிரில் ஒரு துண்டு கோழித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாந்தினி அதைப் பார்த்தபோது அவள் அம்மா பிரேமாவதி இரண்டு கடி கடித்து, மூன்றாவதுக்கு வாயைத் திறந்திருந்தார்.

"அம்மா... துப்புங்க! துப்புங்கம்மா!"

பாக்கார் ஆராங்கில் தோழி நளினி புதிதாகக் குடிவந்த வீட்டு விருந்து அது. கார் நிற்கும் முற்றத்தில், பாதியாய்ப் பிளந்த டிரம்மில் கரி கனன்றது. அதன்மேல் வாழையிலையில் பொதிந்த திருக்கை, மஞ்சள் பூசிய கெம்போங் மீன், வரிசையாய்க் கோழி இறக்கைகள். ஓரமாய், கூரைக்குக் கீழே ஒரு சின்ன அடுப்பு. அது சாந்தினி வீட்டிலிருந்து காரில் ஏற்றிவந்தது. புதுக் கம்பி, புது இடுக்கி. அம்மாவின் சோளமும் கத்தரிக்காயும் மட்டுமே அதில் வேக வேண்டும். அம்மா முருகனுக்கு ஒரு மண்டலம் சைவ விரதம் இருக்கிறார். இன்று நாற்பத்தோராம் நாள். இன்னும் ஏழே நாள்தான் பாக்கி!

நடுவில் மழை வந்து கெடுத்தது. வந்த மழையிடம் கோபப்பட முடியுமா? ஆனால் மழையில் டிரம் நனைகிறது என்று இறக்கைகளை அள்ளிச் சின்ன அடுப்பில் போட்டவனிடம் கோபப்படலாம்... தாராளமாய்ப் படலாம்.

"யாரு வச்சது இதுல கோழிய?"

புகைக்கு அந்தப் பக்கம் ஒருவன் நிமிர்ந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. கையில் இடுக்கி. புகையில் சிவந்திருந்தாலும் சிரிக்கிற கண்கள்... நல்ல கண்கள்தான். அதைக் கவனித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நான்தாங்க. அந்தப் பக்கம் மழை, இங்க அடுப்பு சும்மா இருந்துச்சு..."

"சும்மா இருந்துச்சா? சோளம் வெந்துக்கிட்டு இருந்தது கண்ணுக்குத் தெரியல?"

"ஓரமா இடம் இருந்துச்சு. சோளம் வெந்ததும் நான்தான் அம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன்." அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"எங்க அம்மா விரதம்! நாப்பத்தோரு நாளா வெங்காயம்கூடத் தொடல!"

அவன் முகம் ஒரு நொடி மாறியது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கூரைக்குள் ஒதுங்கிய ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, ஆம்பிளை வீம்பு வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"சபார் லா... கொஞ்சம் பொறுமையா பேசுங்க. நெருப்புல வெந்ததுக்கு ஏதுங்க தீட்டு?"

"அது உங்க நெருப்பு இல்ல. எங்க அம்மா நெருப்பு!"

"சரி, எதுக்கு இந்த விரதம்? அதையாச்சும் சொல்லுங்க."

சொல்லக்கூடிய காரணமா அது? அதற்குள் அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு, வெள்ளந்தியாய்ச் சொல்லிவிட்டார்.

"இவ கல்யாணத்துக்குத்தான் தம்பி. வயசு இருபத்தொன்பது ஆகுது, ஒண்ணும் கூடி வரல. பரவாயில்ல, தெரியாமதானே செஞ்சீங்க. நாளைக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து இருந்துக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால் தன் கல்யாணக் கதை காய்ந்த துணி மாதிரி கொடியில் தொங்கியதில் சாந்தினியின் காது மடல் வரை சூடேறியது. அடுப்பைக் கவிழ்த்தாள். கரியின்மேல் தண்ணீர் ஊற்றினாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள்... அந்தப் பார்வையிலேயே மீதி இறக்கைகள் வெந்திருக்கும்.

மறுநாள் காலை அம்மா நாள்காட்டியில் பழைய கோடுகளை விட்டுவிட்டு, புதிதாய் முதல் கோடு போட்டார். முகத்தில் ஒரு குறையும் காட்டவில்லை. அதுதான் சாந்தினிக்குத் தாங்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போது அவனைத் திட்டினாள். காரில் திட்டினாள். தினமும் அம்மா கோடு போடும்போது தவறாமல் திட்டினாள். நெருப்புக்குத் தீட்டு இல்லையாம்! பெரிய பண்டிதர்!

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நளினி அவளைச் செமிலிங்குக்கு இழுத்துப் போனாள். சுட்ட மீன் கடை ஒன்று பிரமாதமாம். உட்கார்ந்து மீனுக்குச் சொன்ன பிறகுதான் சாந்தினி அடுப்புப் பக்கம் பார்த்தாள். அதே ஈர நெற்றி, அதே இடுக்கி.

"இவன் கடையா? தெரிஞ்சேதானே கூட்டி வந்த?"

"புவனேசன் நல்ல பையன்டி. என் வீட்டுக்காரரோட படிச்சவரு. கத்தாத, மீனைச் சாப்பிடு."

வாழையிலையைப் பிரித்தாள். ஆவி பறந்தது. கரியின் மணமும் எலுமிச்சை வாசமும் பசியைக் கிளப்பின. மிளகாய்ச் சம்பல் அப்பிய திருக்கையின் தசை நாராய்ப் பிரிந்து வந்தது. ஆசையாய் ஒரு வாய் வைத்தாள்.

ஐயோ உப்பு! கடலையே அள்ளிக் கொட்டியிருந்தான். நாற்பத்திரண்டு நாள் கோபத்துக்கு இப்போது நியாயமான ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. தட்டோடு எழுந்தாள்.

"ஹலோ! இந்தச் சம்பல வாயில வச்சுப் பார்த்தீங்களா?"

புவனேசன் அவளைக் கண்டதும் இடுக்கியைக் கீழே வைத்தான். "இல்லைங்க."

"ருசி பாக்காமத்தான் ஊருக்கே மீன் விக்கிறீங்களா? அடுத்தவங்க நாக்குன்னா அவ்வளவு இளப்பமா?"

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவனுடைய அத்தை காளியம்மாதான் குரல் கொடுத்தார்.

"எங்கேர்ந்தும்மா பாப்பான்? சம்பல்ல இறாலு அரைச்சுப் போட்டிருக்கு. இவனுக்கு ஆறு வாரமா மீனு, கோழி, முட்டை எதுவும் வாயில படல. எனக்கோ பிரஷர், உப்பு ருசியே மறந்துபோச்சு. ஒரு நாளு சப்புன்னு, ஒரு நாளு கடலு. கேட்டா, யாரோ ஒரு அம்மா விரதத்தைக் கெடுத்துட்டானாம்..."

"அத்தை, சும்மா இருங்க லா!"

சாந்தினி தட்டோடு அடுப்பருகே வந்தாள்.

"என்னிக்கு... ஆரம்பிச்சீங்க?"

"மறுநாளே. உங்க அம்மா ஒண்ணுலேர்ந்து தொடங்குறேன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்கள்ல... அது தொண்டையில முள்ளு மாதிரி நின்னுடுச்சு. தனியா இருக்க விட மனசு வரல."

"மீன் சுட்டுக்கிட்டே விரதமா?"

"கை தொழிலுக்கு. வாய் சாமிக்கு."

"வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். உங்க கண்ணை நினைச்சேன்... திரும்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிடக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப நீங்களும் என் கல்யாணத்துக்குத்தான் வேண்டிக்கிறீங்க?"

புவனேசன் கரியைக் கிளறினான். பொறி பறந்தது. "முதல்ல அப்படித்தான். அவங்களுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்கணும் முருகான்னு கேட்டேன். மூணு வாரம் ஒழுங்காத்தான் கேட்டேன். அப்புறம்... அந்த மாப்பிள்ளை வேற எவனோன்னு நினைச்சாலே கோவம் கோவமா வருது. நான் பட்டினி கெடந்து அவனுக்கா வேண்டணும்? எந்த ஊரு நியாயம் இது?"

காளியம்மா திரும்பி நின்று மும்முரமாய் மீனைக் கழுவினார். கழுவிய மீனையே மறுபடி கழுவினார்.

சாந்தினி தட்டை வைத்தாள். சம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சீனி போட்டாள். புளி கரைத்து ஊற்றினாள். இன்னொரு முறை ருசி பார்த்தாள்.

"என் கோவம் இன்னும் போகல. அத முதல்ல தெரிஞ்சுக்குங்க."

"தெரியுதுங்க."

"நாப்பத்திரண்டு நாளா காலையில எழுந்தா உங்களத்தான் திட்டுறேன். படுக்கும்போதும் உங்களத்தான். நடுவுல அம்மா மூணு ஜாதகம் காட்டினாங்க... ஒண்ணையாச்சும் நிமிர்ந்து பார்க்க விட்டீங்களா நீங்க? மனசு முழுக்க நீங்களே உக்காந்துக்கிட்டா வேற யாரை நான் நினைக்கிறது?" குரல் உடைந்தது. உடைந்ததற்கும் அவனையே முறைத்தாள்.

புவனேசன் அந்தக் கண்களை இந்த முறை விலகாமல் பார்த்தான்.

"இன்னும் ஆறு நாளைக்கு வேலை முடிஞ்சதும் நான் வந்து ருசி பாக்கறேன்," என்றாள். "வெள்ளிக்கிழமையோட ரெண்டு பேர் விரதமும் முடியுது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு உங்க கையால மீன் சுட்டுக் குடுங்க. எதுக்கு வந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்."

"சின்ன அடுப்புலயா, பெரிய அடுப்புலயா?"

"சின்ன அடுப்புல கைய வச்சுப் பாருங்க!" என்று இடுக்கியை எடுத்து ஓங்கினாள் சாந்தினி. ஓங்கிய கையை அவன் மெல்லப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.