பனியன்காரனுக்கு ஒரு லைஃப்

ரெஜினா ஒருத்திதான் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு பேர் நின்றார்கள்.

இரண்டாவது ஆள் வர வேண்டுமானால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைச் சொருகி, ஸ்டார்ட் பட்டனைத் தட்ட வேண்டும். அதுவோ பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் டி.வி. ஸ்டாண்டில் கிடந்தது. ஆனாலும் திரையில் தெரிந்த தெருவின் இடது ஓரத்தில், பழுப்பு பனியன் போட்ட அந்தத் தடியன் தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

பழைய விளையாட்டுகள் அடங்கிய அந்தப் பெட்டியை வாங்கிவந்தவன் அவள் கணவன் செபாஸ்டின். தம்பி லியோ செத்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை, இதையாவது ஆடட்டும் என்று நினைத்தான். போன தவக்காலத்தில் காடாம்புலியூர் தாண்டி முந்திரித் தோப்போரம் பைக் கவிழ்ந்து, விடிகிறவரை ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்து செத்தான் லியோ. உயிர் போகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பான். யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று ரெஜினாவுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

சின்ன வயதில் மெயின் பஜாருக்குப் பின்னால், மருதாசலம் அண்ணன் வீடியோ கேம் கடையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடிய ஆட்டம் இது. இடமிருந்து வலமாக ஒரே தெரு. எதிரில் வருகிறவனையெல்லாம் அடித்துப் போட்டுக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் கதை. டிரம்மை உடைத்தால் உள்ளே முழுக் கோழி இருக்கும். தரையில் கிடக்கிற அதை எடுத்துத் தின்றால் தெம்பு ஏறும். ஆட்டத்தில் வருகிற ஆட்களின் இங்கிலீஷ் பெயரெல்லாம் யார் வாயில் நுழைந்தது? மீசைக்காரன், பனியன்காரன், அப்படித்தான் கடையில் பேச்சு. அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்த ஒரே பெண்பிள்ளையான ரெஜினாவுக்கு மீசைக்காரன் வாய்த்தான். லியோ பனியன்காரன். அவசரக் குடுக்கை, முன்னால் பாய்ந்து முதலில் சாவான். லைஃப் தீர்ந்தவன் பட்டனைத் தட்டிக் கேட்கலாம். கூட ஆடுகிறவன் மனமிரங்கித் தன் பட்டனைத் தட்டினால், அவனிடமிருந்து ஒரு லைஃப் இவனுக்குப் போகும். "அக்கா, ஒரு லைஃப் குடுக்கா" என்று லியோ கெஞ்சுவான். அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

இப்போது திரையில் பனியன்காரன் நின்ற இடத்திலேயே குதித்தான். பிறகு மெல்ல வந்து மீசைக்காரன் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தான். அந்தக் குறும்பு உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. ரெஜினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்று அவளுக்குப் பயமே வரவில்லை.

செபாஸ்டினுக்குச் செகண்ட் ஷிப்ட். மகள் வெண்மதி பக்கத்து பிளாக்கில் டியூஷனுக்குப் போய்விடுவாள். ஆபீஸ் விட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் ரெஜினா விளக்கைக்கூடப் போடாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வெளியே ஐப்பசி மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்து வழிய, அதற்கும் அடியில் சுரங்கத்துப் பக்கமிருந்து கன்வேயர் ஓடுகிற இரைச்சல் விட்டு விட்டுக் கேட்க, நனைந்த நிலக்கரிச் சாம்பலின் வாசனைக்கு நடுவே புதிதாக இன்னொரு வாசனை வர ஆரம்பித்தது. முந்திரிப்பழம் மண்ணில் விழுந்து அழுகுகிற இனிப்பு நாற்றம். பங்குனி சித்திரையில் வருவது இந்த மழையில் எப்படி வரும் என்று சமையலறை, குப்பைக்கூடை, கட்டிலடி எல்லாம் தேடிப் பார்த்தாள். டி.வி.க்குக் கிட்டே வந்தால்தான் அது கனத்தது.

நாளாக ஆக, பனியன்காரன் சண்டை போடுவதை விட்டுவிட்டான். இடது ஓரத்திலேயே நிற்பான். ஒருவன் பின்தங்கி நின்றால் தெரு நகராது. மற்றவன் எவ்வளவு முட்டினாலும் முன்னே போக முடியாது. அடியாட்கள் பனியன்காரனைச் சூழ்ந்துகொண்டு அடிப்பார்கள். விழுவான். அவன் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்து மினுக்கும். கேட்கிறான். அவள் பட்டனைத் தட்டுவாள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை குளிர் ஏறியது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் மூச்சு வாங்கியது.

"என்னா ரெஜி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றான் செபாஸ்டின்.

"ஒன்னும் இல்லீங்க. தூக்கம் இல்ல, அவ்ளோதான்."

எது தன்னிடமிருந்து குறைகிறது என்று அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. தம்பிக்குத்தானே, போகட்டும் என்றிருந்தாள். ஒரு சாயங்காலம் வெண்மதியின் தலையைப் பின்னும்போது விரல் மரத்து, சடை கையிலிருந்து நழுவியது. தாயில்லாத பிள்ளையாக இவளை விட்டுவிட்டுப் போவதா?

மறுநாள் சிவப்பு எழுத்து மினுக்கியபோது பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"போதும்டா லியோ. எனக்கு ஒரு பொண்ணு இருக்குடா."

பனியன்காரன் திரும்பினான். ஆட்டத்தில் அவன் பக்கவாட்டில்தான் தெரிவான். இப்போது நேராகப் பார்த்தான்.

டக். டக். டக்.

சத்தம் டி.வி.யிலிருந்து வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள், எதிலும் சொருகாத ஜாய்ஸ்டிக்கில், பட்டன் தானாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. ரெஜினா பிளக்கைப் பிடுங்கினாள். தட்டல் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றி அலமாரி மேலே போட்டாள். விடிந்ததும் செபாஸ்டினிடம் சொல்லி எங்காவது வீசிவிட வேண்டும் என்று நினைத்தாள். காலையில் எதுவும் கேட்கவில்லை. பிறகு சொல்லலாம் என்று வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று மழை வலுத்தது. ரோட்டில் தண்ணீர் நின்று பஸ் தாமதமானது. டியூஷன் இல்லை, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று டீச்சரிடமிருந்து போன் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினாள்.

கேட்டருகிலேயே முந்திரிப்பழ நாற்றம்.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே விளக்கு இல்லை. டி.வி. வெளிச்சம் மட்டும்.

"வெண்மதி?"

"மாமா ஆடுறாரும்மா." குழந்தை திரும்பவில்லை. குரல் தேய்ந்திருந்தது. "அலமாரி மேலேர்ந்து தட்டிக்கினே இருந்தாரு. நாந்தான் எறக்கி மாட்டினேன். லைஃப் இல்லியாம். பாவமா இருந்துச்சு."

"குடுத்தியா?"

"ம்."

"எவ்ளோடி குடுத்த?"

"இருந்தது எல்லாம்."

ரெஜினா பாய்ந்து மகளைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. கண் திறந்திருந்தது. இமை அசையவில்லை. குழந்தையின் விரல் மேல் தன் விரலை வைத்துப் பட்டனைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"லியோ, ஒன்னே ஒன்னு குடுடா. அக்கா கேக்கறேன்டா."

சிவப்பு எழுத்து மினுக்கியது. யாரும் கொடுக்கவில்லை.

திரையில் தெரு நகர்ந்துகொண்டிருந்தது. கடைகள் இல்லை. அடியாட்கள் இல்லை. இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள். பனியன்காரன் நிதானமாக வலது பக்கம் நடந்தான். அவன் கையைப் பிடித்தபடி, பள்ளிக்கூடச் சீருடையில், ரெட்டைச் சடை ஆட ஆட, ஒரு சின்ன உருவம் துள்ளித் துள்ளிக் கூடவே போய்க்கொண்டிருந்தது.