சோபாவில் ஒரு சிவப்புச் சாயல்

ஆளில்லாத கூடத்தைப் படம்பிடித்த கோப்பு இவ்வளவு பெரிதாக இருக்கக் கூடாது.

வீடியோ எடிட்டிங்தான் அவளுக்குப் பிழைப்பு. அதனால் பார்த்தவுடன் உறுத்தியது. கேமரா எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதாது. சுவர் சுவராகவே இருந்தால் முந்தைய படத்தில் உள்ளதையே வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் சேர்க்கும். எதுவும் அசையாத மூன்று மணி நேரம் சின்னக் கோப்பாகச் சுருங்கியிருக்க வேண்டும். இது நான்கு மடங்கு இருந்தது.

ஒரு வாரமாகவே அவளுக்குச் சந்தேகம். மதியம் வேலையிலிருந்து திரும்பினால் சோபாவின் இடது ஓரம், இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி கதகதப்பாக இருந்தது. பூட்டிக் கிடந்த கூடத்தில் வியர்வையும் சோப்பும் கலந்த ஒரு வாசம், ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகும் போகாமல் நின்றது. கணவன் யாரையோ கூட்டி வருகிறான். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இன்று அவன் கிளம்பிய பிறகு, அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே கேமராவை ஒளித்துவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பதிவில் கதவு திறக்கவேயில்லை. சோபாவில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்புச் சாயல். வெயிலாக இருக்கும்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

“காலைல வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

“யாரு வரப்போறா? நான்தான் எட்டு மணிக்கே கிளம்பிட்டேனே. ஏன், புத்தகத்துக்கு நடுவுல வெச்சியே, அதுல யாராவது தெரியறாங்களா?”

அவனிடம் அதைப் பற்றி அவள் மூச்சுகூட விட்டதில்லை.

கேமராவை அலமாரியிலேயே விட்டு, கம்பியால் கணினியில் இணைத்தாள். கேமராவின் பார்வைக்குள்ளேயே இருந்த கூடத்து மேசையில் உட்கார்ந்து, திரையில் நேரலையாக ஓடும் படத்தை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் வெளிச்சம் மட்டும். வலப்பக்கம் நிறம் மட்டும். கேமரா வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதும். நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறைதான். கண் ஏமாந்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

இடப்பக்கம் சோபா காலி.

வலப்பக்கம், ஓரங்கள் கசிந்த தோல் நிறத்தில், ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தோள் இருந்தது. கழுத்து இருந்தது. முகம் அவளைப் பார்த்திருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சோபாவில் யாருமில்லை.

வாசலில் சாவி திரும்பியது. கணவன். இந்த நேரத்துக்கு வருகிறவன் இல்லை. அவள் எழவில்லை. கண் திரைக்கே போனது.

இடப்பக்கம் அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

வலப்பக்கம் வாசலில் யாருமில்லை.

சோபாவில் இருந்தது எழுந்தது.

மெதுவாக நடந்தது. அவளை நோக்கி. சத்தமில்லை. அவள் கழுத்தில் மட்டும் சூடு.

“ஏன் இப்படி வெறிச்சுப் பாக்கற?”

குரல் வாசலிலிருந்து வந்தது. திரையின் வலப்பக்கத்தில், அவள் தோளுக்கு ஒரு சாண் பின்னால், உதடுகளின் அடர்சிவப்பு அதே சொற்களுக்குத் திறந்து மூடியது.