லாங்கியின் கணக்கு

முந்தின நாள் மாலை மூடிய கணக்கிலிருந்து மறுநாள் காலையில் ஒரு பதிவு வந்திருந்தது.

ரூதா அடுப்பில் கோக்கோ பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அதைக் கவனித்தாள். வேதவசனமும் பள்ளி ஆண்டுவிழாப் படமும் மட்டுமே போடும் யோக்கியமான கணக்கு ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் வைத்திருந்தாள். அதைத் திறந்ததும், அடுத்தவர்களின் பிறந்தநாள் கேக்குகளுக்கு நடுவே, அந்தச் சிவப்புக் கோழிப் படம். 'ஊர்க்கோழி' என்ற பெயர். அதன் கீழே இரண்டு வரி.

"இன்று பெனினாவின் இடது சடை கோணல். பெற்றவளுக்கு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கவே நேரம் போதவில்லை, பிள்ளையின் தலையை எங்கே பார்ப்பாள்?"

பெனினா அவளுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. வாசற்படியில் உட்கார்ந்து சுட்ட ஈரப்பலாக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். சடை பின்னிவிட்டுக் கை கழுவிய ஈரம்கூட ரூதாவுக்கு இன்னும் காயவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. எட்டிப் பார்த்தாள். இடது சடை கோணலாகத்தான் இருந்தது.

கோக்கோ பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தது.

எங்கள் ஊரில் ஊர்க்கோழியைப் படிக்காதவர்கள் கைக்குழந்தைகளும் கண் தெரியாத கிழவர் ஒருவரும்தான். அந்தக் கிழவருக்கும் மருமகள் வாசித்துக் காட்டுவாள். போதகர் மனைவியின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் கோழி அடைகாக்கலாம் என்று எழுதியதும் அதுதான். ஊர்ச்சபையில் பெரிய தலைவர் விடும் குறட்டையைப் பதிவுசெய்து போட்டதும் அதுதான். அடுத்த வீட்டு சியேனியின் மகள் கடைசி பஸ்ஸில் யாரோடு வந்து இறங்கினாள் என்று எழுதியதும் அதுதான். அன்று ராத்திரி அந்தப் பெண்ணை அண்ணன்கள் அடித்த அடியில் அவளுக்கு முன்பல் போயிற்று. மறுநாள் ரூதா டீச்சர் ஒரு தட்டில் பாலாடைப் பணியாரம் எடுத்துக்கொண்டு போய் சியேனிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தாள்.

கோழி ரூதாதான். ஊரில் தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் மூளையைக் கழற்றிப் பரணில் வைத்தவர்கள் என்பது அவள் எண்ணம். அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. தன் பெயரில் சொல்லத் துணிச்சலும் இல்லை.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் லாங்கி. லாங்கி அவள் கணவன் விலியாமுவின் தங்கை. கல்யாண வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். எங்கள் தீவு வழக்கப்படி வீட்டுக்கு முன்னாலேயே புதைத்து, மேலே வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். அவளுடைய போன் ரூதாவிடம் வந்தது. அதில் லாங்கியின் கணக்கு திறந்தபடியே கிடந்தது. அதை மூடுவதற்குப் பதிலாகப் பெயரை மாற்றி, சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தை எடுத்துவிட்டு, கோழியை வைத்தாள். யாராவது துப்புத் துலக்கினாலும் ஒரு செத்தவளிடம்தான் போய் நிற்பார்கள் என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

முந்தின நாள் காலை ஊர்ச்சபை கூடியது. கோழி யாரென்று தெரிந்தால் அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ரூதா பயந்துபோய்க் கணக்கை மூட உட்கார்ந்தாள். தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா என்று திரை கேட்டது. ஊரில் இருப்பவர்களைவிட அதிகம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். அத்தனை பேரையும் விட மனசு வருமா? சூடு தணிந்ததும் திரும்பலாம் என்று 'தற்காலிகமாக' என்பதைத் தொட்டாள். பேராசை பிடித்தவள்.

இப்போது சடையைப் பற்றிப் பதிவு. கதவைச் சாத்திக்கொண்டு இந்த முறை 'நிரந்தரமாக' என்பதைத் தொட்டாள். ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அதற்குள் யாராவது உள்ளே நுழைந்தால் கணக்கு மறுபடி உயிர்பெறும் என்றது திரை. லாங்கியின் போனை அணைத்து, துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

அன்று மாலை ஜெப நேரத்தில் யாரோ கணக்குக்குள் நுழைந்தார்கள்.

"பெனினா குளிக்கும்போது பாடுகிறாள். குரல் அப்படியே என் குரல். தாய்க்குக் காது ஊர் வம்பில் இருக்கிறது. கேட்க நானாவது இருக்கிறேன்."

விலியாமு படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினான். "நம்ம புள்ள பேரு எதுக்கு இதுல வருது?"

"எவளோ பொறாமை புடிச்சவ. விடு."

"நம்ம குளியலறையில பாடுறது எவளுக்குக் கேக்கும்?"

"தகரச் சுவருதானே. ரோட்டுக்கே கேக்கும்."

"என்னமோ போ." போனைக் கீழே வைத்தான். "ஆனா ஒண்ணு. முன்னாடி எழுதுனதவிட இப்ப நல்லா எழுதுறா. முன்னாடி வெறும் திட்டு. இப்பத்தான் சுருக்குனு இருக்கு."

மகளைப் பற்றி ஏற்பட்ட பயத்தைவிட அந்த வார்த்தைதான் ரூதாவை முதலில் குத்தியது. அப்படிப்பட்டவள். அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்த தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கோழியை வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலையில், வீடுவீடாகத் துதிப்பாட்டு எழும் நேரத்தில் பதிவு வந்தது. எல்லாம் பெனினாவைப் பற்றி. பெனினா மீனில் தலையைத் தின்னமாட்டாள். பெனினா தூக்கத்தில் கட்டைவிரலைச் சூப்புகிறாள். ரூதா தினமும் தன் போனிலிருந்து கணக்கை மறுபடி அழித்தாள். அரிசி டின்னைத் திறந்து பார்த்தாள். போன் அணைந்தேதான் கிடந்தது, ஆனால் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சனிக்கிழமை வந்த பதிவைப் படித்ததும் கையிலிருந்த சோப்பு நழுவியது.

"இவளுக்குப் பிள்ளை எதற்கு? ஊர் இருக்கிறது. பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன்."

அன்றிலிருந்து பெனினாவைப் பள்ளியிலும் வீட்டிலும் தன் முந்தானையைவிட்டு நகரவிடவில்லை.

திங்கட்கிழமை மாலை மழை விட்டிருந்தது. ஈரமண்ணும், யாரோ எரித்த காய்ந்த இலைகளும், கொசுவர்த்தியும் கலந்த வாசனை கண்ணாடிப் பட்டைச் சன்னல் வழியாக உள்ளே வந்து, அடுப்பிலிருந்த தேங்காய்ப்பால் வாசனையோடு சேர்ந்து வீடு முழுக்கக் கனத்து நின்றது. சங்கு ஊதினார்கள். ஜெப நேரத்துக்குச் சங்கு ஊதிவிட்டால் எங்கள் ஊரில் ரோட்டில் ஒருவரும் நடக்கக் கூடாது. வாலிபர்கள் வரிசையாக ஓரத்தில் நின்று காவல் பார்ப்பார்கள். அன்று விலியாமுவும் அவர்களோடு தேவாலயப் பக்கம் நின்றான். பெனினா பின்கட்டில் தட்டுகளைக் கழுவிக்கொண்டே துதிப்பாட்டைப் பாடினாள். பாட்டு கேட்கிற வரைக்கும் பயமில்லை என்று ரூதா காதை அங்கேயே வைத்துக்கொண்டு முன்சன்னலைச் சாத்தப் போனாள்.

கல்லறைக்குப் பக்கத்தில், புல்லில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

தலையிலிருந்து கால்வரை பாய் மூடியிருந்தது. படுக்கிற பாய் அல்ல. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற, துணியைவிட மெல்லிய, தலைமுறைகளாகக் காத்துவைக்கிற பாய். எங்களில் ஒருவன் பெருங்குற்றம் செய்துவிட்டால் அந்தப் பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு முன்னால் தலை குனிந்து உட்காருவான். வெயிலோ மழையோ, எழக்கூடாது. வீட்டுக்காரர்கள் வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அதன்பிறகு அந்தக் குற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

ரூதாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது இளக்காரம். ஆக, யாரோ ஊர்க்காரிதான். கணக்கைத் திருடி எழுதியவள், மனசாட்சி உறுத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். தொப்பிக்காரியாக இருக்கும். இல்லை, சியேனியாக இருக்கும். அடுத்தவர் வீட்டு விஷயத்தை எழுதுவதற்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும், என்று நினைத்தாள். ஆமாம், அப்படியேதான் நினைத்தாள்.

"நல்லா உக்காரு," என்றாள் சன்னல் பட்டைகளுக்குப் பின்னாலிருந்து. "முட்டி தேயுற வரைக்கும் உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒருத்தியைத் தன் வாசலில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிற சுகம் அவளுக்கு இத்தனை நாளில் கிடைத்ததே இல்லை. வாசல் மெல்ல இருட்டியது. வௌவால்கள் ஈரப்பலா மரத்தில் சடசடத்தன. அடுத்தடுத்த வீடுகளில் பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியது. பாய் அசையவே இல்லை. அதன் ஓரத்தில் தைத்திருந்த சிவப்பு இறகுகளும் அசையவில்லை. காற்று நன்றாகத்தான் அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ரோட்டில் காவல் நிற்கிறது. இவள் எந்த வழியாக வந்தாள்?

இன்னொன்றும் தோன்றியது. வம்பு எழுதியதற்கு யாரும் பாய்க்குள் உட்காருவதில்லை. கைகலப்புக்கே உட்காருவதில்லை. உயிர் போனால்தான் உட்காருவார்கள்.

பின்கட்டில் பாட்டு கேட்கவில்லை.

"பெனினா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பெனினா! பாடு!"

தண்ணீர் மட்டும். ஓடினாள். கழுவிய தட்டு ஒன்று. கழுவாத தட்டு மூன்று. சோப்பு நுரை. பின்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. பெனினா இல்லை.

முன்வாசலுக்கு வந்தாள். படியிறங்கினாள். புல் சில்லென்றிருந்தது. கிட்டே போகப் போக, சன்னலிலிருந்து தெரியாத ஒன்று தெரிந்தது. பாய்க்கு அடியில் ஒரு மேடு இல்லை. இரண்டு. பெரியது ஒன்று. அதன் இடுப்பை ஒட்டி, சின்னது ஒன்று.

பாயின் மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புக் கறை. ரூதாவே சுட்டது. நல்ல பாயை மண்ணுக்குள் போடுவானேன் என்று, இருந்ததிலேயே கெட்டுப்போனதைப் பார்த்து அவள்தான் லாங்கியின் மேல் போர்த்தி, சவப்பெட்டியை மூடினாள்.

"பெனினா," என்றாள். "அம்மாகிட்ட வா."

சின்ன மேடு அசைந்தது.

"தூக்காதம்மா." பாய்க்குள்ளிருந்து பெனினாவின் குரல். ரகசியம் சொல்கிற குரல். "தூக்கினா மன்னிச்சதா ஆயிடுமாம். அத்தை சிரிக்கிறாங்க."

தூக்காமல் எப்படி இருப்பாள்? எந்தத் தாய் இருப்பாள்? மண்டியிட்டாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தாள். ஈரம். மண்வாசனை. இழுத்தாள். பாய் எடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

அடியில் புல் இருந்தது. ஒரு பெண் உட்கார்ந்த அகலத்துக்குப் புல் அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில், ஒரு குழந்தை உட்கார்ந்த அகலத்துக்கு. சின்னப் பள்ளத்தில் கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

ஜெபம் முடிந்து சங்கு ஊதியது. ஊர் முழுக்க வீடுகளில் போன்களின் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிந்தது. இடுப்பிலிருந்த அவள் போனும் அதிர்ந்தது. கோழி இல்லை. கோழி இருந்த இடத்தில் லாங்கியின் பழைய படம், சிரித்தபடி, மடியில் இப்போது பெனினா. அதன் கீழே புதிய பதிவு. பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ரூதாவின் முகம், தரைக்கு அடியிலிருந்து எடுத்தது. ஒரே ஒரு வார்த்தை.

"மன்னித்தாள்."

ஊர்க்காரர்கள் சிவப்பு இதயங்களைப் போடத் தொடங்கியிருந்தார்கள்.