எதிர்வீட்டுச் சுவர்

கொடிக்கயிறு தொய்ந்திருந்தது. நேற்று மாலை நுன்சியாத்தாதான் அதை இழுத்துக் கட்டினாள்; கட்டியதாகத்தான் நினைவு. ஐந்தாம் மாடிச் சன்னலிலிருந்து குறுகிய சந்தின் குறுக்கே, எதிர்வீட்டுச் சுவரின் இரும்புச் சக்கரம்வரை போய்த் திரும்பும் கயிறு அது. அதில் கணவன் சபத்தீனோவின் ஈரச் சட்டைகள் கீழ்வீட்டுச் சன்னலை மறைத்துத் தொங்கின.

கீழ்வீட்டு ரக்கேலே தலையை நீட்டினாள். "கயித்துக்கு வயசாயிடுச்சுடி. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் தொங்கிப் போனாரு."

நுன்சியாத்தாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஒரு முழத்தை உள்ளே இழுத்து முடிந்தாள். மறுநாள் மீண்டும் தொய்ந்தது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு எதிர்வீட்டைக் காலி செய்து பூட்டியிருந்தார்கள். இரண்டு வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சாயாதிருக்க நடுவே இரும்பு உத்தரங்கள் முட்டுக் கொடுத்து நின்றன. நேப்பிள்ஸில் பாதிச் சந்துகள் இப்போது இப்படித்தான். அவள் துடைப்பத்தை நீட்டிப் பார்த்தாள். கட்டை எதிர்ச்சுவரைத் தொட்டது. முன்பும் எட்டியதா? அளந்து வைக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். உத்தரத்தின் முனை, பிசைந்த மாவில் விரல் இறங்குவதுபோலச் சுவருக்குள் இறங்கியிருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

நகராட்சியிடம் சொல்லலாம். சொன்னால் இந்த வீட்டையும் பூட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் பள்ளி வகுப்பறையில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். இடுப்புவரை மாவுக்கட்டோடு கிடக்கும் சபத்தீனோவை அங்கே எந்த மூலையில் கிடத்துவது? எதிர்வீடு நெருங்கி வருகிறது என்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

"பாவம், தனியா நிக்குதுல்ல," என்றான் அவன், சன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி. "வரட்டும் விடு. நீ போய்க் கொஞ்சம் படு."

படுக்க நேரமில்லை. தைக்க வேண்டிய தோல் கையுறைகள் குவிந்து கிடந்தன.

அடுத்த நாள் நண்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ரக்கேலே, முகத்தைப் பார்க்காமல் எதையோ முணுமுணுத்துவிட்டு, மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கூடத்தில் நுன்சியாத்தா தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்க, அந்தக் கடகடப்புக்கு அடியில், மணல் கிடக்கும் தரையில் கனத்த பெட்டியை யாரோ மெல்ல மெல்ல இழுப்பதுபோன்ற ஓசை ஒன்று சுவரின் கனத்துக்குள்ளிருந்து வந்தது. ஈரச் சுண்ணாம்பும் மூடிய கிணறும் கலந்த வாடை காப்பியிலும் தோலிலும் அவள் விரல்களிலும் ஏறியது. மிதிப்பதை நிறுத்தினாள். ஓசை நிற்கவில்லை.

பிறகு நின்றது.

புறாக்களின் சத்தம் இல்லை. சந்தில் ஸ்கூட்டர்கள் இல்லை.

படுக்கையறையிலிருந்து சபத்தீனோவின் குரல். தூக்கக் கலக்கத்தில், கொஞ்சலாக.

"கொஞ்சம் தள்ளிப் படு, நுன்சியா. இடிக்குது."

அவள் எழுந்தாள்.

"உன் கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

கதவைத் தள்ளினாள்.

சன்னலில் வானம் இல்லை. சந்து இல்லை. எதிர்வீட்டுச் சன்னல் இவர்கள் சன்னலோடு சட்டத்துக்குச் சட்டம் பொருந்தி நின்றது. திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து சுண்ணாம்பு பூத்த நீண்ட கை ஒன்று கட்டில்வரை வந்து அவன் மார்பை அணைத்திருந்தது. சபத்தீனோ கண்களைத் திறக்காமலே அதை மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.