எழுதாமல் மிஞ்சியது

அன்று காலை டீக் கோப்பையின் பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். அவள் இடது கைக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர்தான் காலையில் டீ போட்டுக் கொண்டுவருவார். கோப்பையை மேஜையில் வைத்ததும் பிடியை ஒரு விரலால் அவள் இடது பக்கமாகத் திருப்பிவிட்டுத்தான் நகர்வார். சண்டை போட்ட நாட்களில்கூட, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அதை மட்டும் செய்துவிட்டுப் போவார். இன்று வைத்தார், போனார். அடுத்த கதைக்காக எழுதிக்கொண்டிருந்த முத்தக் காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு, டீயில் ஆடை படியும்வரை அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காதல் கதை எழுதிப் பிழைப்பவள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாசகிகளைக் கேட்டால் அவள் புருஷன் மன்மதனாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அவரோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற, வழுக்கையும் தொப்பையுமான சாதாரண மனிதர். கதாநாயகர்களுக்கு ஆறடி உயரத்தையும் காரையும் கம்பெனியையும் அவளே கொடுத்துவிடுவாள். பெண்கள் உருகிப்போகிற சின்னச் சின்னச் செய்கைகளைத்தான் அவரிடமிருந்து எடுப்பாள். அவருக்கும் அது தெரியும். "இன்னைக்கு என்கிட்டேர்ந்து என்னத்தைத் திருடின?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

இப்போது போன் செயலி ஒன்றில் தொடர் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் கையில் கதை என்று ஒன்றும் இல்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், இத்தனை வருடமாக எழுதக் கூச்சப்பட்டு ஒதுக்கி வைத்திருந்ததையெல்லாம், அவரிடம் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்து எழுதிவிட்டாள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் முடித்துச் செயலியில் ஏற்றியும் வைத்துவிட்டாள். தினம் மாலையில் ஒரு அத்தியாயம் தானாகவே வெளியாகும். முந்தின நாள் வெளியானதில்தான் அந்தக் கோப்பை வந்திருந்தது. அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

வேறொருத்தி இருக்கிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. அவள் தொழில் அப்படி. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அம்பது தாண்டின ஆம்பளைடி அது. கோப்பையைத் திருப்பலைன்னு போன் பண்ற ஒரே ஆளு நீதான். போய் வேலையைப் பாரு."

சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். அன்று சாயங்காலம், வெளியே மழை பிடித்துக்கொண்டு, ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சொட்டாய் விழும் சத்தத்துக்கு நடுவே அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, பிடரியில் சில்லென்று ஏதோ பட்டமாதிரி இருந்தது. திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். எழுதும்போது திடுக்கிட வைக்கக் கூடாது என்று, அறைக்குள் வருமுன் வாசலில் நின்று சின்னதாக ஒரு தடவை இருமுவார். இன்று இருமவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்றும் தெரியவில்லை.

"என்னங்க, ஒரு சத்தம் குடுத்துட்டு வரக் கூடாதா? உயிரே போயிடுச்சு."

"நான் எப்பவும் இப்படித்தானே வருவேன்?" என்றார் அவர். உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்.

அவர் போன பிறகு போனை எடுத்தாள். புது அத்தியாயம் வெளியாகிவிட்டிருந்தது. அடியில் ஒரு வாசகி எழுதியிருந்தாள்: 'அந்த இருமல்! எங்க வீட்டுக்காரர் இருமினா எரிச்சல்தான் வருது. உங்க ஹீரோ இருமினா மட்டும் எப்படி மேடம் மனசு உருகுது?'

முந்தின நாள் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தாள்; அதில் அந்தக் கோப்பை இருந்தது.

மறுநாள் துவைக்கப் போட்ட துணிக்கூடையில் அவருடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பும், லென்ஸ் துடைக்கிற திரவமும், வேர்வையும் கலந்த அவர் வாசனையை அன்றைய அத்தியாயத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். இன்னும் அது வெளியாகவில்லை. வாசனை இருந்தது. நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம், அத்தியாயம் வெளியாகிவிட்டது என்று போன் ஒரு தடவை மணியடித்து ஓய்ந்ததும், மறுபடியும் போய் எடுத்தாள். மூக்கில் அழுத்திக்கொண்டாள். வேர்வை இல்லை. சோப்பு இல்லை. துணிக்கென்று ஒரு வாடை இருக்குமே, அதுகூட இல்லை.

அலமாரியில் இருந்த தன் பழைய நாவல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். குளிக்கும்போது அவர் போடும் சீழ்க்கை ஒன்றில் இருந்தது. பஸ்ஸில் தூங்கி அவள் தோளில் விழுவது இன்னொன்றில். அவள் நெற்றியை மட்டும் தொட்டு எழுப்புவது வேறொன்றில். எல்லாம் எப்போது நின்றன? வயசாகிவிட்டது, அலுத்துவிட்டது என்று இத்தனை காலம் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். முன்பு வருடத்துக்கு ஒன்றாகப் போனதால் தெரியவில்லை. இப்போது தினம் ஒன்று போகிறது.

அன்று அவர் சாப்பாட்டை அளைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடைல ஒரு பொண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் பாத்தேன்மா. அது என்னைப் பாக்கவே இல்ல. எனக்குப் பின்னாடி இருக்கற சுவத்தைப் பாத்துச்சு." சாதத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "எதையோ எங்கயோ வெச்சுட்டு வந்துட்ட மாதிரியே இருக்கு. என்னன்னுதான் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"தெரியலையே," என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கடுத்த மாலை இருட்டத் தொடங்கியபோது அவள் விளக்குப் போடாமல் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து சுவிட்சைத் தட்டினார். இந்த ஒரு காரியத்தைச் செய்ய அவர் ஒருநாளும் தவறியதில்லை. பின்னால் இருக்கும் விளக்கு எரிந்ததும் அவர் நிழல் அவள் விரல்கள் மேல் விழும், அதன் பிறகுதான் அவரே வந்திருக்கிறார் என்பது அவளுக்கு உறைக்கும். அதையும் எழுதியிருந்தாள்; சற்று முன்தான் வெளியாகியிருந்தது. விளக்கு எரிந்தது. மேஜைமேல் நாற்காலியின் நிழல் விழுந்தது. திரைச்சீலையின் நிழல் ஆடியது. அவளுடைய தலையின் நிழல் தெரிந்தது. அவர் அவள் முதுகுக்கு நேர் பின்னால் நின்றார். வேறு நிழல் இல்லை.

அவள் திரும்பவில்லை. அவர் போகும்வரை விரலைக்கூட அசைக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. நாளை மாலை வர வேண்டியது. அதில் என்ன எழுதினோம் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதாநாயகன் தூங்குகிறான். நாயகி அவன் மார்பில் காதை வைத்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்கிறாள். கல்யாணமான புதிதில், பயந்துகொண்டிருந்த பல இரவுகளை அவள் அந்த மூச்சைக் கேட்டுத்தான் கடந்திருந்தாள். மிகவும் ரசித்து எழுதிய அத்தியாயம் அது.

அழிக்கப் பார்த்தாள். செயலி விடவில்லை. செயலியின் பதிப்பாசிரியைக்குப் போன் போட்டாள்.

"கடைசி அத்தியாயத்தை எடுத்துடும்மா. தயவுசெஞ்சு. இப்பவே."

"என்ன மேடம் இது, படிச்சுட்டு நானே அழுதுட்டேன், அதைப் போய் எடுக்கச் சொல்றீங்க?"

"காரணம் கேக்காத. எடுத்துடு."

"நாளைக்குப் பொதுவா வரதை வேணா நிறுத்தறேன். ஆனா கடைசி அத்தியாயம் மட்டும் சந்தா கட்டினவங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே போயிடுமே, உங்களுக்குத் தெரியாததா? அரை மணி நேரம் ஆச்சு. இருங்க, பாக்கறேன். ஐயோ, எத்தனை பேர் படிச்சிருக்காங்க தெரியுமா!"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் குரல். அதற்கடியில், டிவி பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடும் அவருடைய மெல்லிய குறட்டை வர வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கடிகாரம் கேட்டது. குழாயிலிருந்து ஒரு சொட்டு. அவளுடைய மூச்சு. அது மட்டும்தான்.

எழுந்து கூடத்துக்கு நடந்தாள்.

அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. அவள் முட்டி போட்டு, அந்த மார்பில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. காலி அறைக் கதவில் காதை வைத்த மாதிரி இருந்தது.

அவர் கை மெதுவாக உயர்ந்து அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

நிமிர்ந்தாள். அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தன. பேசுவதற்குக் காற்று இல்லை அவரிடம். ஆனால் கண்கள் இருந்தன. இன்னும் அவரேதான் அந்தக் கண்களுக்குள் இருந்தார். முழித்துக்கொண்டு இருந்தார். நடப்பது அத்தனையும் தெரிந்து, பயந்து, அவளை மட்டுமே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பயந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்தப் பார்வையை அவள் எந்தக் கதையிலும் எழுதியதும் இல்லை.

"நான் இருக்கேங்க," என்றாள். அழுதாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். சத்தியமா. என்னையே பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்தார்.

அவளும் பார்த்தாள். இமையோரம் துடிப்பதைப் பார்த்தாள். கருவிழிக்குள் டிவி வெளிச்சம் நீலமாய் நடுங்குவதைப் பார்த்தாள். இருபது வருடப் பழக்கம். யாரும் கூப்பிடாமலே முதல் சொல் வந்தது.

வேண்டாம்.

இரண்டாவது சொல் வந்தது. பல்லைக் கடித்தாள். தலையை உதறினாள். மூன்றாவது, நான்காவது, தானாக வந்து வரிசையில் நின்றன. நல்ல வாக்கியம். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல வாக்கியம் அவளுக்கு அமைந்ததில்லை. முன்பெல்லாம் எழுத வேண்டியிருந்தது, யாராவது படிக்க வேண்டியிருந்தது. இப்போது அதுகூட வேண்டியிருக்கவில்லை.

முற்றுப்புள்ளி விழுந்தது.

அவள் கைகளுக்கு நடுவே அந்த முகம் இருந்தது. கண்கள் திறந்தபடி அவள் பக்கமே திரும்பியிருந்தன. உள்ளே ஆள் இல்லை. அவள் தலைமேல் இருந்த கை மட்டும், முன்பு எப்போதோ செய்து பழகிய மாதிரி, கோதிக்கொண்டே இருந்தது.